மகான்கள் ஓட்டும் வண்டி

'எனக்கு எப்போதாவது கோபம் வருவதுண்டு.' பதினேழாவது கேள்வி. பக்கத்துல ரெண்டு வட்டம், ஒண்ணு ஆம், ஒண்ணு இல்லை. செவ்வாக்கிழமை இதே கேள்விக்கு இல்லைங்கிற வட்டத்தைக் கறுப்பாக்கிட்டுப் போனவன் நான்தான். இன்னிக்கு வியாழக்கிழமை. அதே ரயில்வே ஆஸ்பத்திரி, அதே ரெண்டாவது மாடி, அதே ஆடுற நாற்காலி, அதே முந்நூத்தி எண்பது கேள்வி. பென்சில் மட்டும் புதுசு. ஆம். போட்டாச்சு. போட்டது ஒரு சின்ன வட்டம், அதுக்கே உள்ளங்கை வேர்த்துப் போச்சு. இருபத்திரண்டு வருஷம் இன்ஜின்ல உக்காந்தவன், அதுல ஒம்பது வருஷமா எக்ஸ்பிரஸ் ஓட்டுறவன், எனக்குக் கோவம் வரும்னு ஒத்துக்கிறதுக்கு இப்படி வேர்த்தா என்னத்தைச் சொல்றது. எதிர்ல அந்த மேடம் உக்காந்திருக்காங்க. எழிலரசி, மனநல நிபுணர்னு மேஜை மேல பலகை. தலையைக் குனிஞ்சு வேற ஏதோ ஃபைல் எழுதுறாங்க. பாக்காத மாதிரி பாக்குற ஆளு. நான் வேர்க்கிறதைப் பாத்திருப்பாங்களா. கைக்குட்டையை எடுத்தா வேர்க்குதுன்னு தெரியும், எடுக்கலைன்னா தாள் நனையும். பேன்ட்லயே தொடைச்சுக்கிட்டேன். அடுத்தது. 'நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை.' செவ்வாக்கிழமை இதுக்கு ஆம்னு போட்டேன். அப்படி ஒரு மனுஷன் இருக்க முடியுமான்னு நான் யோசிக்கவே இல்ல. எங்க யூனியன்ல குப்புராஜ்னு ஒருத்தர் இருக்கார், டெஸ்டுக்குப் போற ஒவ்வொருத்தனையும் டீக்கடையில உக்கார வச்சு ஓதி அனுப்புறது அவர் வேலை. 'தணிகாசலம், பயப்படாத. இது நம்ம ரூல் எக்ஸாம் மாதிரிதான். சிகப்பு விழுந்தா என்ன செய்வ? நிறுத்துவேன். முடிஞ்சுது. எது சரியோ அதை எழுது, எது நடக்குதோ அதை எழுதித் தொலைக்காத.' அவர் சொன்னதுல என்ன தப்பு. வேலைக்குச் சேந்த நாள்லேருந்து நாங்க எழுதின பரிட்சை எல்லாமே அப்படித்தான். எவனும் நான் இப்படிச் செய்வேன்னு எழுதமாட்டான், இப்படிச் செய்யணும்னு எழுதுவான், பாஸாவான், வண்டி ஏறுவான். நானும் அப்படியே எழுதிக் குடுத்துட்டு நல்லா எழுதினோம்னு நிம்மதியா உக்காந்திருந்தேன்.

மேடம் அன்னிக்கு ஒரு அட்டையை எடுத்தாங்க. அட்டை முழுக்க ஓட்டை. அதை என் தாள் மேல வச்சு, ஓட்டை வழியாத் தெரியுற கறுப்பை மட்டும் பேனா முனையால எண்ணினாங்க. எண்ணி முடிச்சுட்டு சிரிச்சாங்க. சந்தோஷச் சிரிப்பு இல்ல, அலுப்புச் சிரிப்பு. 'சார், உங்க டிப்போலேருந்து இந்த வருஷம் பதினோரு பேர் வந்திருக்கீங்க. பதினோரு பேரும் மகான். கோவமே வராது, பொய்யே சொன்னதில்ல, யாரையும் பத்திப் புறம் பேசினதில்ல, ஒரு நாள்கூட வேலையைத் தள்ளிப்போட்டதில்ல. அப்படி ஒரு மனுஷன் நிஜமாவே இருந்தா நான் போய்க் கும்பிட்டுட்டு வருவேன். வண்டி ஓட்டச் சொல்லமாட்டேன்.' அவங்களே சொன்னாங்க, 'இது பாஸ் ஃபெயில் பரிட்சை இல்ல சார். ஒரு கேள்வியை வச்சு யாரையும் முடிவு பண்றதில்ல. கேள்விகளைக் கூட்டம் கூட்டமாச் சேத்துப் பாப்போம், அதுலேருந்து ஒரு கோடு வரும். ஆனா அந்தக் கோட்டைப் பாக்கறதுக்கு முன்னாடி, எழுதினவர் உண்மையா எழுதினாரான்னு பாக்கணும். எல்லா மனுஷனும் செய்யுற சின்னத் தப்பைக்கூட நான் செய்யலைன்னு ஒருத்தர் சொன்னா, அவர் சொன்ன மத்ததை நான் எப்படி நம்புறது? இந்தத் தாள் செல்லாது. வியாழக்கிழமை வந்து உங்களைப் பத்தி எழுதுங்க.' உங்களைப் பத்தி. நாப்பத்தஞ்சு வயசுல, என்னைப் பத்தி எழுதுங்கன்னு ஒருத்தர் சொல்றாங்க. எழுதலாம். எழுதினா இன்ஜின் போயிரும். அதுதானே விஷயம், வேற என்ன. இந்தத் தாள் சரியா வந்தா அடுத்த வாரம் டூட்டி. சரியா வரலைன்னா டிப்போ ஸ்டோர்ல உக்காந்து, எனக்குக் கீழ வேலை கத்துக்கிட்டவங்களுக்கெல்லாம் துணியும் கைவிளக்கும் எடுத்துக் குடுக்கணும். வாங்குறவன் எவனும் என் முகத்தைப் பாக்கமாட்டான். நான் அப்படிப் பாக்காம வாங்கியிருக்கேன், ஸ்டோருக்கு வந்த ஒரு டிரைவர்கிட்ட, ஆறு வருஷத்துக்கு முன்னாடி.

அதனால இன்னிக்கு வேற திட்டம். ரெண்டு நாளா யோசிச்சுப் போட்ட திட்டம். சின்னத் தப்பையெல்லாம் கொட்டிரணும். கோவமா, ஆம். பொய்யா, சொல்லியிருக்கேன். ஒத்துக்க ஒத்துக்க அந்த அட்டைக்கு என் மேல நம்பிக்கை ஏறும். அப்படி ஏறின நம்பிக்கையை வச்சு ஒரே ஒரு இடத்துல பொய் சொல்லணும். எந்த இடம்னு எனக்குத் தெரியும். இருநூத்தித் தொண்ணூத்தேழு. செவ்வாக்கிழமையே அதைப் பாத்ததும் எனக்குக் காது அடைச்சுப் போச்சு. அதுக்கு இன்னும் நிறைய தூரம் இருக்கு, இப்ப நெனைக்கக்கூடாது, இப்ப இருபத்திரண்டு. 'தெரிந்தவர்களைக் கண்டும் காணாததுபோல் போனதுண்டு.' ஆம், வாராவாரம், என் மச்சானை, மார்க்கெட்ல. இருபத்தொம்பது. 'பிறர் பொருளைக் கேட்காமல் எடுத்ததுண்டு.' ரன்னிங் ரூம்ல, அதான் நாங்க வெளியூர்ல படுத்து எழுந்திரிக்கிற எடம், எவனோ விட்டுட்டுப் போன புதுச் சோப்பு. ஆம். பரவால்ல, நல்லா போகுது, சோப்பு திருடன்னு ஒத்துக்கிறவன் பொய் சொல்வானா. முப்பத்தாறு. 'குடும்பத்தினரிடம் முரட்டுத்தனமாக நடந்துகொண்டதுண்டு.' இதுவும் சின்னத் தப்புல ஒண்ணுதான், ஆம் போட்டுட்டுப் போயிட்டே இருக்கணும். பென்சில் போகமாட்டேங்குது. போன மாசம் சுகந்தி ஒரே ஒரு வார்த்தை கேட்டா, என்ன யோசிக்கிறீங்கன்னு. அவ்வளவுதான் என் பொண்டாட்டி கேட்டது. கையில இருந்த சாப்பாட்டுக் கேரியரைச் சுவத்துல அடிச்சேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்துல அப்படிப் பண்ணினதில்ல. அவ அழல. சாம்பார் சாதத்தை முறத்துல அள்ளிப் போட்டுட்டு, சுவத்தைத் தொடைச்சுட்டு, 'கோவம்னா கோவம்னு சொல்லுங்க. இப்படி ஒண்ணும் சொல்லாம வெறிச்சுக்கிட்டு உக்காந்தா எனக்குதான் பயமா இருக்கு'ன்னா. எனக்கு வெக்கமா இருந்துச்சு. இப்பவும் வெக்கமா இருக்கு. நான் வெறிச்சுக்கிட்டு உக்காந்ததே எனக்குத் தெரியாது, அதை அவகிட்ட சொல்லல. ஆம். நல்லா அழுத்திப் போட்டேன், தாள் கிழியுற மாதிரி. மேடம் நிமிந்து பாத்தாங்க. பென்சில் முனை ஒடைஞ்சிருச்சுன்னேன். ஒடையல. இன்னொரு பென்சில் குடுத்தாங்க, தேங்க்ஸ்னு வாங்கிக்கிட்டேன்.

நாப்பத்தொண்ணு. 'அருகில் யாரும் இல்லாதபோதும் நான் சத்தமாகப் பேசுவதுண்டு.' இது எந்தக் கூட்டத்துல சேரும். சின்னத் தப்பா, பெரிய தப்பா. எங்க பொழப்பே சத்தமாப் பேசுறதுதான். சிக்னல் தெரிஞ்சதும் அசிஸ்டெண்ட் டிரைவர் கையை நீட்டி என்ன நெறம்னு சத்தமாச் சொல்லணும், டிரைவர் அதே மாதிரி கையை நீட்டித் திருப்பிச் சொல்லணும். அவன் கிரீன்னா நானும் கிரீன். அவன் மஞ்சள்னா நானும் மஞ்சள். ரெண்டு பேரும் பாத்தோம், ரெண்டு பேரும் முழிச்சிருக்கோம்னு அதுக்கு அர்த்தம். ஒரு ட்ரிப்புக்கு நூறு தடவை சொல்லுவோம். வாய் பழகிப் போச்சு, ஸ்கூட்டர்ல போகும்போதுகூட சிக்னல் மாறினா என்னை அறியாம கிரீன்னு சொல்லிருவேன், பின்னாடி உக்காந்திருக்கிற சுகந்தியும் கிரீன்னு சொல்லுவா. முதல்ல கிண்டலுக்குச் சொன்னா, அப்புறம் அவளுக்கும் பழகிருச்சு. அவ இல்லாம தனியாப் போனாலும் நான் சொல்லுவேன். அப்ப ஆம்தான். ஆனா அட்டைக்கு இதெல்லாம் தெரியுமா. அட்டைக்குத் தெரிஞ்சதெல்லாம் யாரும் இல்லாதப்ப ஒருத்தன் பேசுறான், அவ்வளவுதான். நாப்பத்தி நாலு அதைவிட மோசம். 'என்னை யாரோ எப்போதும் கண்காணிக்கிறார்கள்.' அடக் கடவுளே, கண்காணிக்கிறாங்கதான். இன்ஜினுக்கு முன்னாடி கேமரா, நான் எந்த எடத்துல எவ்வளவு வேகம் போனேன்னு எழுதி வைக்க ஒரு மெஷின், திடீர்னு வந்து ஏறுற இன்ஸ்பெக்டர். இதுக்கு ஆம்னா சந்தேகப் பிராணி, இல்லைன்னா மறுபடியும் மகான். 'மேடம், ஒரு டவுட்'ன்னேன். அவங்க பேனாவை வைக்காமலேயே, 'கேள்வியை நான் வெளக்கக்கூடாது சார். உங்களுக்கு எப்படிப் புரியுதோ அப்படிப் போடுங்க'ன்னாங்க. 'எனக்கு ரெண்டு மாதிரியும் புரியுது மேடம்.' 'முதல்ல எது தோணுச்சோ அது.' முதல்ல எனக்குத் தோணினது பயம், அதுக்கு வட்டம் இல்ல. ஆம் போட்டேன். போட்டுட்டு அழிச்சேன். அழிச்சதும் அழிச்ச எடம் அழுக்காத் தெரியுது, அதை வச்சு என்ன கண்டுபிடிப்பாங்களோ. திரும்பவும் ஆமே போட்டேன். மேல ஃபேன் டக்கு டக்குன்னு அடிச்சுக்கிட்டே சுத்துது, இந்த ஆஸ்பத்திரில ஒரு ஃபேனாவது ஒழுங்காச் சுத்துமா.

அப்புறம் கொஞ்சம் வேகம் பிடிச்சுது. நூறு, நூத்தம்பது, இருநூறு. பசி நல்லா எடுக்கிறதா, தூக்கத்துல திடுக்குனு முழிக்கிறதா, நண்பர்கள் உண்டா, காரணமில்லாம அழுகை வருமா. ஒரே கேள்வியைத் துணி மாத்தி மாத்திப் போட்டு நாலு எடத்துல நிக்க வச்சிருக்காங்க, ஒவ்வொரு எடத்துலயும் முன்னாடி என்ன சொன்னோம்னு நெனச்சுப் பாத்து அதுக்கு ஏத்த மாதிரி போட வேண்டியிருக்கு. பொய் சொல்றவனுக்குத்தான் ஞாபகசக்தி வேணும். இருநூத்திப் பதினாலு. நம்பரைப் பாத்ததும் பென்சில் நின்னு போச்சு. கேள்வி என்னவோ சாதுவான கேள்வி, 'செடிகள் வளர்ப்பது எனக்குப் பிடிக்கும்.' ஆனா இருநூத்திப் பதினாலுங்கிறது எனக்கு எடம். லைன் ஓரத்துல கரன்ட் கம்பத்துக்கெல்லாம் நம்பர் எழுதியிருக்கும், கிலோமீட்டர் 214, எட்டாவது கம்பம். பிப்ரவரி பன்னண்டாம் தேதி, சாயங்காலம் நாலு இருபது, நல்ல வெயில், லைன் கண்ணாடி மாதிரி தெளிவா இருந்துச்சு. அந்தம்மா இடது பக்கத்துலேருந்து வந்தாங்க, கையில எவர்சில்வர் தூக்கு. நான் ஹாரன் அடிச்சேன். கேட்டுச்சு, கேட்டு வேகமா நடந்தாங்க, தாண்டிட்டாங்க. தாண்டிட்டாங்கன்னு நானும் மூச்சு விட்டேன். தாண்டினவங்க திரும்பி வந்தாங்க. கழண்டு விழுந்த செருப்பை எடுக்க. எமர்ஜென்சி பிரேக் போட்டேன், ஹாரன்லேருந்து கையை எடுக்கவே இல்ல, ஆனா நூத்திப் பத்துல வர்ற வண்டி நிக்க ஒரு கிலோமீட்டர் ஆகும், அந்தம்மாவுக்கு இருந்தது முந்நூறு மீட்டர்கூட இல்ல. குனிஞ்சு செருப்பை எடுத்துட்டாங்க. எடுத்துட்டு நிமிந்து பாத்தாங்க. என்னை இல்ல, வண்டியைத்தான் பாத்திருப்பாங்க, எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. இதுக்கு முன்னாடி நாலு பேர் என் வண்டியில அடிபட்டுப் போயிருக்காங்க. நாலு பேரும் சாக வந்தவங்க. மெமோ எழுதிக் குடுத்துட்டு, அடுத்த ஸ்டேஷன்ல முகம் கழுவிட்டு, டீ குடிச்சுட்டு ஓட்டியிருக்கேன். கல் நெஞ்சுன்னு சொன்னா சொல்லிக்கட்டும். ஆனா இவங்க வீட்டுக்குப் போறவங்க. தூக்குல பால் இருந்திருக்கு. செடி வளர்ப்பது பிடிக்கும், ஆம், பிடிக்கும்.

மார்ச் ஆறாம் தேதி அதே கம்பத்துக்கிட்ட லைன்ல ஒண்ணுமே இல்ல, நான் எமர்ஜென்சி பிரேக் போட்டேன். மேல் பெர்த்துலேருந்து ஒரு பெரியவர் விழுந்து தோள்பட்டை எறங்கிப் போச்சு. கண்ட்ரோல்லேருந்து என்னன்னு கேட்டாங்க. மாடுன்னேன். என் அசிஸ்டெண்ட் இம்தியாஸும் மாடுன்னு எழுதிக் குடுத்தான். பத்து நாள் கழிச்சு கேமராவைப் போட்டுப் பாத்திருக்காங்க, மாடு இல்ல. அதுக்குத்தான் என்னை எறக்கி இங்க அனுப்பினாங்க, அது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும், மேடம் ஃபைல்லயும் இருக்கு. செவ்வாக்கிழமை வாயாலயும் கேட்டாங்க, அந்த எடம் வந்தா எப்படி இருக்குன்னு. கொஞ்சம் படபடப்பு மேடம், இப்ப சரியாயிருச்சுன்னு ரூல் புக் பதில் சொன்னேன். ஃபைல்ல இல்லாதது அந்தப் பத்து நாளைக்குள்ள ஓட்டின ரெண்டு ட்ரிப். முதல் ட்ரிப்புல 213 தாண்டும்போது இம்தியாஸ் தண்ணி குடிச்சான், பாட்டிலை மூடினான், பாத்தேன். அதுக்கடுத்து எனக்கு ஞாபகம் இருக்கிறது ஆத்துப் பாலம். நடுவுல ஒரு சிக்னல் இருக்கு. அது நடுவுலயே இல்லாத மாதிரி போயிருச்சு. தூக்கம் இல்ல, கண்ணு தொறந்துதான் இருந்துச்சு, கை லீவர் மேலதான் இருந்துச்சு. 'அண்ணே, கிரீன் சொன்னேன், நீங்க திருப்பிச் சொல்லவே இல்லியே'ன்னான் இம்தியாஸ். தொண்டை கட்டியிருக்குடான்னேன். சரிண்ணேன்னான். ரெண்டாவது ட்ரிப்புல அவன் ஒண்ணும் கேக்கல. பாலத்துச் சத்தம் கேட்டு நான் நிதானத்துக்கு வந்து திரும்பிப் பாத்தா, அவன் கை அவன் பக்கத்து பிரேக் மேல இருந்துச்சு. எவ்வளவு நேரமா அங்க வச்சிருந்தானோ. என்னைப் பாத்ததும் கையை எடுத்துட்டு வெளிய வேடிக்கை பாக்குற மாதிரி திரும்பிக்கிட்டான். அவனுக்கு இருபத்தொம்பது வயசு, பொண்ணு பொறந்து மூணு மாசம் ஆகுது. அன்னிக்குப் புதுசா யாரோ ஒருத்தன் அவன் எடத்துல உக்காந்திருந்தா, அன்னிக்கு அந்தச் சிக்னல் சிகப்பா இருந்திருந்தா. இல்ல, நெனைக்கக்கூடாது. நேத்துப் போன் பண்ணினான். 'டெஸ்டெல்லாம் முடிஞ்சுதாண்ணே? நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லலண்ணே.' அவன் சொல்லமாட்டான். அதுதான் எனக்குப் பயம். அவன் சொல்லித் தொலைச்சிருந்தா நான் அவனைத் திட்டிட்டு நிம்மதியா ஸ்டோருக்குப் போயிருப்பேன்.

இருநூத்தி எண்பது. இருநூத்தித் தொண்ணூறு. பக்கத்தைத் திருப்பினா மேல இருந்து மூணாவது. 'சில நேரங்களில் சில நொடிகள் நான் எங்கிருந்தேன் என்பதே எனக்குத் தெரிவதில்லை.' இந்தா, வந்தாச்சு. இதை எழுதினவன் எவன். இன்ஜின்ல எனக்குப் பின்னாடி நின்னு பாத்தானா. ஒரு கேள்வியை வச்சு யாரையும் முடிவு பண்றதில்லன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. அப்ப இதுக்கு ஆம் போட்டாலும் ஒண்ணும் ஆகாது, தாராளமாப் போடலாம். ஒண்ணும் ஆகாதுன்னா எதுக்கு இந்தக் கை இப்படி நிக்குது. ஆகும்னு நெனச்சுதான் நிக்குது. ஆகும்னா இல்லைன்னுதான் போடணும். இல்லைன்னு போட்டாலும் அவங்களுக்குத் தெரியாது, முந்நூத்தி எண்பதுல ஒண்ணு, கூட்டத்துல ஒளிஞ்சுக்கும். அவங்களுக்குத் தெரியுமோ. துணி மாத்தின நாலு கேள்வி இருக்கே, இதுக்கும் ஜோடி எங்கேயோ இருக்கும், அறுவதுகள்ல ஒண்ணு வந்துச்சே, 'வேலை செய்யும்போது என் கவனம் சிதறுவதுண்டு', அதுக்கு நான் என்ன போட்டேன். ஆம் போட்டேன். சின்னத் தப்புன்னு நெனச்சு ஆம் போட்டேன். இப்ப இதுக்கு இல்லைன்னா முரண்படுமா. திருப்பிப் போய் அதை அழிக்கவா. அழிச்சா அழுக்காகும். கவனம் சிதறுறது வேற, ஆளே இல்லாமப் போறது வேற, ரெண்டும் ஒண்ணுன்னு எந்த அட்டையும் சொல்லமுடியாது. உண்மையிலயே வேறதான். கவனம் சிதறினா அது எங்கேயாவது போகும், வீட்டுக்கோ வேற எங்கேயோ. எனக்கு அது எங்கேயும் போகல. ஆயிரத்து நானூறு பேர். ஒரு எக்ஸ்பிரஸ்ல கூட்ட நாள்ல அவ்வளவு பேர் இருப்பாங்க. அதுல எத்தனை பேர் கைல எவர்சில்வர் தூக்கு வச்சிருப்பாங்க. எனக்குத் தெரிஞ்சது வண்டி ஓட்டுறது ஒண்ணுதான். நல்லாப் படிச்சவனுக்கு வேற வேலை கிடைக்கும், எனக்கு அதுவும் இல்ல, அந்த சீட்ல உக்காந்தா நான் ஒரு ஆளு, எறங்கினா என்னைக் கூப்பிட்டுத் தண்ணி குடுக்க நாதி இல்ல. இதுக்கப்புறம் வராது. ஓய்வு எடுத்தாச்சு, முப்பது நாள் ஆச்சு, ஸ்கூட்டர்ல போகும்போது ஒரு தடவைகூட வரல. வந்திருந்தா எனக்கு எப்படித் தெரியும். இல்லை. போட்டுட்டேன். இல்லை. கையெழுத்து நல்லா இருக்கிறவன் போடுற மாதிரி அழகா, வட்டத்துக்கு வெளிய போகாம போட்டேன். பெருமூச்சுகூட விடல.

மிச்சம் எண்பத்து மூணு எப்படிப் போச்சுன்னு கேட்டா சொல்லத் தெரியாது. தாளைக் குடுத்தேன். மணி பன்னண்டே கால். 'உக்காருங்க, முதல் அட்டையை இப்பவே பாத்துரலாம்'னாங்க. அட்டையை வச்சாங்க, எண்ணினாங்க. அடுத்த அட்டை. அதுக்கடுத்த அட்டை. இப்ப கண்டுபிடிச்சிருவாங்க. பேனா முனை ஒரு எடத்துல நிக்குது, அதுதான், அங்கதான். இல்ல, நகந்து போயிருச்சு. ஒவ்வொரு அட்டைக்கும் நான் செத்துச் செத்துப் பொழைச்சேன். எட்டு, பத்து அட்டை இருக்கும். கட்டம் போட்ட ஒரு தாள்ல புள்ளி வச்சு, ஸ்கேல் வச்சு, கோடு இழுத்தாங்க. மேல ஒரு கோடு, கீழ ஒரு கோடு ஏற்கெனவே அச்சடிச்சு இருக்கு, நடுவுல என் கோடு மேடு பள்ளமாப் போகுது. ஒரே ஒரு எடத்துல மேல போய் முட்டப் பாத்து எறங்கிருச்சு. என் பக்கம் திருப்பிக் காட்டினாங்க. 'இதுதான் சார் மனுஷன் எழுதின தாள். கோவம் இருக்கு, கொஞ்சம் கவலை இருக்கு, அந்த விபத்துக்கப்புறம் அது இருக்கத்தான் செய்யும். எல்லாம் எல்லைக்குள்ளதான் இருக்கு. பதினோரு பேர்ல நீங்க ஒருத்தர்தான் நேர்மையா எழுதியிருக்கீங்க.' நேர்மையா. அந்த வார்த்தையை அவங்க சொல்லாம இருந்திருக்கலாம். 'ரிப்போர்ட்டை இன்னிக்கே அனுப்பிடறேன். அடுத்த வாரம் டூட்டி போட்டுருவாங்க. ஒரு மாசம் கழிச்சு ஒரு தடவை வந்து பாருங்க, போதும்.' கையெழுத்துப் போட்டு, மூடி போட்டு, பேனாவை வச்சுட்டாங்க. எனக்கு சந்தோஷம் வரணும். எழுந்திரிச்சு தேங்க்ஸ் மேடம்னேன். கதவு வரைக்கும் அஞ்சு எட்டு இருக்கும். ஜெயிச்சுட்டடா தணிகாசலம், சுகந்திக்குப் போன் பண்ணு, குப்புராஜுக்குப் பண்ணு. குப்புராஜ் இனிமே எல்லாருக்கும் இதைச் சொல்லிக் குடுப்பார், சின்னத் தப்பை ஒத்துக்கோ, பெருசை மறைன்னு. பன்னண்டாவது ஆள் வருவான், பதிமூணாவது ஆள் வருவான், எல்லாரும் சோப்பு திருடினவங்க. கதவைப் பிடிச்சேன். பிடிச்சப்பதான் நல்லாத் தெரிஞ்சுது, இவங்க கண்டுபிடிச்சிருவாங்கன்னு நம்பித்தான் நான் அந்தப் பொய்யைப் போட்டிருக்கேன். இத்தனை அட்டை, இத்தனை ஓட்டை, படிச்சவங்க, எதுலயாவது மாட்டிக்குவோம்னு. இம்தியாஸ் சொல்லமாட்டான். கேமரா லைனைத்தான் பாக்கும், என்னைப் பாக்காது. இவங்களும் கையெழுத்துப் போட்டுட்டாங்க. இனிமே 214ல என்னை நிறுத்த யாரும் இல்ல. எனக்குப் பயம்னா பயம், பிப்ரவரில கூட அப்படிப் பயப்படல.

'மேடம்.' அவங்க அடுத்த ஃபைலை எடுத்துட்டாங்க. 'என்ன சார், ஏதாவது மறந்துட்டீங்களா?' இல்ல மேடம்னேன். இருநூத்தித் தொண்ணூத்தேழுல நான் போட்டது பொய்னு சொன்னேன். ஒரு தடவை சொன்னதுல சத்தமே வரல போல, திருப்பிச் சொன்னேன். அவங்க என் தாளை எடுத்து, பக்கத்தைத் திருப்பி, விரலை வச்சுக் கீழ எறக்கி, அந்தக் கேள்வியைப் படிச்சாங்க. மேஜையில இருந்த ரிப்போர்ட்டை எடுத்துத் தன் பக்கமா வச்சுக்கிட்டாங்க. அது எங்க போகுதுன்னு பாத்தேன், அது என் இன்ஜின், அதோட போயிருச்சு, அழுகை வரும்போல இருந்துச்சு, அடக்கிக்கிட்டேன். 'எத்தனை தடவை?' 'ரெண்டு. எனக்குத் தெரிஞ்சு.' 'வண்டி ஓடும்போதா?' 'ஆமா மேடம்.' 'அந்த நேரத்துல வண்டியை யார் சார் ஓட்டுறாங்க?' கேட்டது சாதாரணமாத்தான் கேட்டாங்க, திட்டுற மாதிரி இல்ல. நான் கதவை விட்டுட்டு வந்து மறுபடியும் அந்த நாற்காலியில உக்காந்தேன். யாரும் ஓட்டல மேடம்னேன்.